கம்பி வராத ஊரும் கரண்ட் வராத நகரும்

மலாவியின் வில்லியம் கம்குவாம்பாவையும் சியரா லியோனின் கெல்வின் டோவையும் "பழைய சாமானில் மின்சாரம் எடுத்த பையன்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இருவரும் பள்ளி வயதினர், இருவருக்கும் குப்பைமேடுதான் கடைவீதி. ஆனால் அவர்கள் இருந்த இருட்டு ஒன்றல்ல.

விம்பே பகுதியில் கம்குவாம்பாவின் ஊருக்கு மின்கம்பியே எட்டிப்பார்க்காத காலம் அது. 2001-02 பஞ்சத்தில் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றது. ஊர்ப் பள்ளி நூலகத்தில் ஆங்கில அறிவியல் புத்தகம் ஒன்றின் படங்களைப் பார்த்துப் பார்த்து, 14 வயதில் காற்றாலை கட்டினார். டிராக்டர் விசிறி, சைக்கிள் சட்டம், டைனமோ, தீயில் வாட்டித் தட்டையாக்கிய பிவிசி குழாய். விளக்கு எரிந்தது. காற்று விழுந்தால் விளக்கும் விழுந்தது. பேட்டரி என்ற எண்ணம் அப்புறம்தான். கார் பேட்டரி ஒன்று வந்து சேர்ந்தது. டைனமோ தருவது ஏசி, பேட்டரி ஏற்பது டிசி என்பதால் இடையே டையோடும் தேவைப்பட்டது.

டோ வளர்ந்தது தலைநகர் ஃப்ரீடவுனில். அங்கே கம்பி உண்டு. கரண்டுதான் அப்போது வாரத்துக்கு ஒருமுறை விருந்தாளிபோல் வந்துபோகும். ஆகவே 13 வயதில் அவர் தொடங்கியதே பேட்டரியில்தான். ஒரு தகரக் குவளை, அமிலம், சோடா, உலோகம், சுற்றிக்கட்ட டேப். (அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தணிக்குமே என்று வேதியியல் ஆசிரியர் முறைப்பார், அமிலம் மிஞ்சினால் கலம் வேலைசெய்யும்.) அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. பிறகு சொந்த எஃப்எம் வானொலி, அதற்கொரு ஜெனரேட்டர். 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அழைத்தது.

உலகம் கொண்டாடியது காற்றாலையை. உயரமாக நிற்பதால் படம் பிடிக்க வசதி. என் கண் தரையில் கிடந்த பேட்டரிமேல்தான். டோவுடையது போன்ற கலத்தில் உலோகம் கரையக் கரைய மின்சாரம். கரைந்து முடிந்தால் புதிதாகத்தான் செய்யவேண்டும். கார் பேட்டரியைத் திரும்பத் திரும்ப ஏற்றலாம், அந்த வகையில் கம்குவாம்பாவுடையதே மேல். ஆனால் அது இன்ஜினைக் கிளப்பச் சில நொடி பெரும் மின்னோட்டம் தரப் பிறந்தது. இரவெல்லாம் விளக்கெரித்துத் தினமும் அடிவரை வடித்தால் சீக்கிரம் படுத்துவிடும். நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரி கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

ஆக, ஒருவரிடம் ஊற்று இருந்தது, குடம் பொருந்தவில்லை. இன்னொருவரிடம் குடமே ஊற்று, அதுவும் கரைகிற குடம். காற்றாலை எழுந்த செய்தி பரவியதும் விம்பேக்காரர்கள் கம்குவாம்பாவின் வீட்டு வாசலில் வரிசைகட்டி நின்றார்கள். விளக்குக் கேட்டல்ல, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற. வீட்டில் மின் இணைப்பு இல்லாவிட்டாலும் ஆளுக்கொரு பேட்டரி ஏற்கெனவே சட்டைப்பையில் இருந்தது.