சேம் சைடு கோலும் 1929 ரோஸ் பவுலும்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பையன் ஒன்பதாவது படிக்கிறான். லக்னோவுக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷத்தில் அவனுக்கு இங்கே நண்பர்கள் கிடைத்ததே கால்பந்தால்தான். அன்றைக்குப் பள்ளியில் ஹவுஸ் மேட்ச். இவன் டிஃபென்டர். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கார்னரிலிருந்து வந்த பந்தை வெளியே தள்ளுகிறேன் பேர்வழி என்று தன் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டான். சுத்தமான சேம் சைடு கோல். 1-0. தோல்வி.

சாயங்காலத்துக்குள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேலிப்படங்கள் வந்துவிட்டன. "திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகமாட்டேன், இனிமே ஃபுட்பாலும் வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டான். கும்பகோணத்திலிருந்து போனில் அம்மா, "எல்லாம் திருஷ்டிடா, மிளகாய் சுத்திப் போடு" என்றாள். என் வீட்டம்மா தயிர்சாதம் பிசைந்து கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் நான் உள்ளே போய் ஒரு கதை சொன்னேன். கதை இல்லை, சரித்திரம். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நம்ம ஃபுட்பால் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். மைதானம் 100 கஜம். எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1. தன்னுடைய எல்லைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் எதிராளிக்கு 2 புள்ளி. அதற்குப் பெயர் சேஃப்டி! யாருக்கு சேஃப்டி என்று கேட்காதீர்கள் :-)

அங்கே கல்லூரி ஆட்டத்துக்கு இருக்கிற மவுசு நம்ம ஊர் ரஞ்சி டிராபிக்குக் கூடக் கிடையாது. பருவம் முடிந்ததும் நன்றாக ஆடிய அணிகளைக் கூப்பிட்டு ஆடவைக்கிற போட்டிகளுக்குத்தான் 'பவுல்' என்று பெயர். எல்லாவற்றுக்கும் மூத்தது கலிஃபோர்னியாவில் பாசடீனா நகரத்து ரோஸ் பவுல். அந்த ஊரில் 1890 முதல் புத்தாண்டன்று பூ அலங்கார ஊர்வலம் நடக்கிறது. கூட்டம் சேர்க்க 1902-ல் ஒரு ஃபுட்பால் ஆட்டமும் வைத்தார்கள். மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று துவைத்து எடுத்தது. பயந்துபோய் ஃபுட்பாலையே நிறுத்திவிட்டு, சில வருஷம் ரோமானியர் பாணியில் ரதப் பந்தயமெல்லாம் விட்டுப் பார்த்தார்கள். 1916-ல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது. 1922-ல் கிண்ணம் மாதிரி குழிந்த ஒரு ஸ்டேடியம் கட்டினார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் 'யேல் பவுல்' தான் மாதிரி. ஸ்டேடியத்தின் பெயர் ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு மற்ற ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பவுல் ஆரம்பித்தார்கள். கிண்ணம் இல்லாத ஊரிலும் பவுல்தான்.

இனி 1929 ஜனவரி 1. ஒரு பக்கம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். மறுபக்கம் தெற்கே அட்லாண்டாவிலிருந்து வந்த ஜார்ஜியா டெக், அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி. ஸ்டேடியத்தில் அறுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். வானொலியில் நாடு முழுக்க நேர்முக வர்ணனை.

இரண்டாவது கால்பகுதி. இரண்டு பக்கமும் பூஜ்யம். ஜார்ஜியா டெக்கின் ஸ்டம்பி தாமஸன் பந்தோடு ஓடும்போது நழுவவிட்டார். அதைப் பொறுக்கியவர் கலிஃபோர்னியாவின் ராய் ரீகல்ஸ், வயது 20. எதிராளியின் கோட்டுக்கு ஏறக்குறைய 30 கஜம்தான் பாக்கி. ஆனால் அந்தத் தள்ளுமுள்ளில் உடம்பு ஒரு சுற்று சுற்றியதில் திசை தப்பிவிட்டது. ரீகல்ஸ் தன் கோட்டை நோக்கியே ஓட ஆரம்பித்தார்.

சும்மா இல்லை, அறுபது கஜத்துக்கு மேல்! கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. அதை அவர் பாராட்டு என்று நினைத்தாரோ என்னவோ. சக ஆட்டக்காரர் பென்னி லோம், நில் நில் என்று கத்திக்கொண்டே பின்னால் துரத்துகிறார். கோட்டுக்கு மூன்று கஜம் இருக்கும்போதுதான் எட்டிப் பிடிக்க முடிந்தது. ரீகல்ஸ் திரும்புவதற்குள் ஜார்ஜியா டெக் ஆட்கள் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். பந்து நின்றது ஒரு கஜத்தில்.

அவ்வளவு நெருக்கத்தில் விளையாட பயந்து, பந்தை உதைத்து அனுப்பிவிடலாம் என்று கலிஃபோர்னியா முடிவு செய்தது. லோம் உதைத்த பந்தை வான்ஸ் மாரீ என்பவர் தடுத்துவிட்டார். சேஃப்டி. ஜார்ஜியா டெக்குக்கு 2 புள்ளி.

இடைவேளையில் ரீகல்ஸ் ஒரு மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, முகத்தைக் கையில் புதைத்து அழுதாராம். கோச் நிப்ஸ் பிரைஸ் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. முதல் பாதியை ஆரம்பித்த அதே பதினோரு பேர்தான் இரண்டாவது பாதியையும் ஆரம்பிப்பார்கள் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் எழுந்து போனார்கள், ரீகல்ஸ் மட்டும் அசையவில்லை. என்னால் முடியாது, உங்கள் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கெடுத்துவிட்டேன் என்றார். ஆட்டம் பாதிதான் முடிந்திருக்கிறது, எழுந்து போ என்றார் பிரைஸ். போனார். அந்தப் பாதியில் எதிராளி உதைத்த ஒரு பந்தைத் தடுத்ததும் அதே ரீகல்ஸ்தான்.

இந்த இடத்தில் பையன் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஜெயிச்சுட்டாங்களாப்பா?"

"இல்லடா. 8-7. தோத்துட்டாங்க."

"அப்புறம் என்ன பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. காமர்ஸ் படித்தவன் என்பதால் கணக்கெழுதிக் காட்டினேன். மூன்றாவது கால்பகுதியில் தாமஸன் ஒரு டச் டவுன் போட்டார், கூடுதல் புள்ளி தவறியது. 8-0. கடைசியில் லோம் எறிய ஃபிலிப்ஸ் பிடித்து கலிஃபோர்னியாவும் ஒரு டச் டவுன் போட்டது, கூடுதல் புள்ளியும் கிடைத்தது. 8-7. வித்தியாசம் 1. ரீகல்ஸ் கணக்கில் பற்று 2. ஆக, தோல்விக்கு அந்த ஓட்டம் காரணம் என்பதை மறைக்க முடியாது, நானும் மறைக்கவில்லை. ஆனால் கணக்கு அன்றோடு முடியவில்லை. அடுத்த பருவத்தில் அணிக்குக் கேப்டன் யார்? ரீகல்ஸ்! அகில அமெரிக்க அளவில் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

கேலி விட்டதா என்றால் இல்லை. "ராங் வே" ரீகல்ஸ் என்ற பெயர் 1993-ல் 84 வயதில் அவர் இறக்கும்வரை கூடவே வந்தது. அதை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1964-ல் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் ஜிம் மார்ஷல் இதே மாதிரி 66 கஜம் தப்பான பக்கம் ஓடியபோது, நம்ம சங்கத்துக்கு வரவேற்கிறேன் என்று ரீகல்ஸ் கடிதம் எழுதினார். 1991-ல் ரோஸ் பவுல் புகழரங்கத்தில் அவரையும் சேர்த்தார்கள்.

பையன் ஒன்றும் பேசவில்லை. சரி என்று என் கதையையும் சொன்னேன். இதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாதது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வேறொரு ஊர்க் கிளை. ஒரு கடைக்காரர், தன் கணக்கிலிருந்து 40,000 ரூபாயை சரக்கு கொடுத்தவர் கணக்குக்கு மாற்றச் சொன்னார். நான் பற்றையும் வரவையும் தலைகீழாகப் போட்டுவிட்டேன். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு பக்கமும் தலைகீழானால் அன்றைய கணக்கு கச்சிதமாக டேலி ஆகிவிடும். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் சரக்குக்காரரின் செக் பணமில்லை என்று திரும்பியது. அந்த மனுஷர் கவுன்டருக்கு எதிரே நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மேனேஜர் கணக்கைச் சரிசெய்ய வைத்தார், மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தார், அடுத்த நாள் காலை அதே கவுன்டரில் உட்காரச் சொன்னார். பின்னால் எங்கேயாவது ஃபைல் வேலைக்கு அனுப்பியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். போயிருந்தால் இன்றைக்கு வங்கியில் இருந்திருக்க மாட்டேன்.

"அந்தக் கடைக்காரர் திரும்பி வந்தாராப்பா?"

"வந்தார். ஒவ்வொரு தடவையும் ரசீதை ரெண்டு வாட்டி படிச்சுப் பார்த்துட்டுதான் போவார்."

பையன் சிரித்தான். எழுந்து வந்து ஆறிப்போன தயிர்சாதத்தைச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனான். முதல் பீரியடிலேயே யாரோ "சேம் சைடு" என்று கூப்பிட்டார்களாம். இன்னும் கூப்பிடுகிறார்கள். புதன்கிழமை துவைக்கப் போட்ட துணியில் சேறு படிந்த கால்பந்து சாக்ஸ் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.