செஞ்சியில் எருமைத் தலை

செஞ்சியின் வரலாற்றை நாம் முற்றுகைகளைக் கொண்டே எழுதிவருகிறோம். 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர் என்று அது நீளும். கோட்டை 2025இல் உலக மரபுச் சின்னமானதும் அவ்வரலாற்றின் பொருட்டே. கைமாறாத வரலாறொன்றும் இம்மலைகளில் உண்டு.

செஞ்சிக்கு வடக்கே அண்மையிலுள்ள சிங்கவரம் குடைவரைக்குப் பலரும் பள்ளிகொண்ட அரங்கநாதரைக் காணவே செல்கின்றனர். அங்கே பல்லவர் காலத்துக் கொற்றவை ஒருத்தியும் இருக்கிறாள். எருமைத் தலைமீது ஒரு காலை ஊன்றி அவள் நிற்க, அடியில் அன்பர்கள் மண்டியிட்டுள்ளனர். போரில்லை, குருதியில்லை, தலை மட்டுமே எஞ்சியிருக்கிறது. மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்திலோ அதே தேவியின் முன் ஓர் அன்பன் தன் தலையையே அரிந்து தர முற்படுகிறான். இவ்விரண்டையும் ஒருசேரக் காண்போர்க்கு எருமைத் தலை வெறும் அசுரனின் தலையாகத் தோன்றாது. மனிதன் தரவேண்டிய தலைக்கு ஈடாக வந்த தலை அது என்பதே என் துணிபு.

இந்த ஈட்டைப் பிற நாட்டாரும் வரைந்துள்ளனர். பரோக் காலத்து ஓவியர் ரெம்பிராண்ட் 1655இல் செப்புத் தகட்டில் தீட்டி அச்சிட்ட ஆபிரகாமின் பலியில், தந்தை மகனின் கண்களைக் கையால் மூடுகிறான். பின்னிருந்து வானவன் அவனைப் பற்றித் தடுக்கிறான். கதைப்படி மகனுக்கு மாற்றாக ஆட்டுக்கடா பலியாகிறது. ரெம்பிராண்ட் வரைந்தது கத்தி நின்ற கணத்தின் நடுக்கம். சிங்கவரத்துச் சிற்பி வடித்தது பலி முடிந்த பின்னுள்ள அமைதி. எனக்கு இரண்டாவதே அச்சந்தருவது.

கமலகிரி என்றும் வழங்கப்பெற்ற இராஜகிரியில் கோயில் கொண்டுள்ள கமலக்கண்ணியம்மனுக்கு எருமைப்பலி உண்டாயிருந்தது. பழைய செஞ்சியெனப்படும் மேலச்சேரியின் திரௌபதி கோயில் மரபிலோ எருமை பெயரளவில் வாழ்கிறது. அம்மனின் காவலன் போத்துராசா. தெலுங்கு நாட்டுப் போதுராசுவோடு உறவுடைய பெயர் இது; எருமையின் ஆணைப் போத்து என்று வழங்கலாமெனத் தொல்காப்பிய மரபியலும் கூறும். பலிப்பொருளே காவலனாகி, கையில் வெட்டுண்ட தலை ஏந்தி நிற்கிறான்! ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வழிபாட்டைச் செஞ்சியை மையமாக வைத்தே ஆராய்ந்தது. நம்மவர் அதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய பணி அது.

1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டம் நெடுநாள் உறங்கி, 2003இல் கடுமையாக நடைமுறைக்கு வந்து, 2004இல் நீக்கப்பட்டது. அப்போது எழுந்த வாதங்கள் குருதியைப் பற்றியே பேசின. ஈட்டைப் பற்றிப் பேசியவர் சிலரே. பல கோயில்களில் எருமை நின்ற இடத்தில் இன்று குங்குமம் தோய்ந்த பூசணிக்காய் பிளக்கப்படுகிறது.