கேஸ் சிலிண்டர் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

ஒடுகத்தூர் பகுதி விவசாயிகளே, நிலத்துக் கொட்டகையில் வேலையாட்களுக்குச் சமைக்கிறீர்களா? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். மோட்டார் ஸ்டார்ட்டர் போடும்போது எழும் சிறு பொறி போதும், தீப்பிடிக்க. எனவே சிலிண்டரை மோட்டார் அறையில் வைக்கக் கூடாது.

* அடுப்பு, ரெகுலேட்டர் இரண்டையும் மூடவும். அருகில் பீடி, விளக்கு, ஊதுவத்தி கூடாது. கதவு, சன்னலைத் திறந்து வைக்கவும்.
* புது சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, வால்வுக்குள் ரப்பர் வாஷர் உள்ளதா எனப் பார்க்கவும்.
* ரெகுலேட்டரைப் பொருத்தித் திறந்ததும், இணைப்பில் சோப்பு நுரை தடவவும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது.
* ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழைக்கவும்.