மொறிஸ் மைனர்: போரில் உருவாகி, பொருளாதாரத் தடையிலும் ஓடிய கார்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் வரையப்பட்டு, 1948இல் விற்பனைக்கு வந்த குடும்பக் கார் மொறிஸ் மைனர். கொழும்பு வீதிகளில் அதை இன்றும் அவ்வப்போது காணலாம். வடக்கில் வாழ்ந்தவர்களுக்கோ அதன் பெயருடன் மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இக்காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸும் போரினால் ஊரை இழந்தவரே. இன்று துருக்கியின் இஸ்மீர் எனப்படும் சிமிர்னா நகரில் 1906இல் பிறந்தார். 1922இல் கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில் அவரது குடும்பம் பிரித்தானியக் கப்பலில் மோல்டாவுக்கு வெளியேற்றப்பட்டது. தந்தை அங்கேயே இறந்தார். தாயுடன் இங்கிலாந்து சென்ற அவர், கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறியபோதும் பொறியியல் கற்று, 1936இல் மொறிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய, உள்ளே தாராளமாக இடமுள்ள சிறிய கார் என்பதே அவரது நோக்கம். ‘மொஸ்கிற்றோ’ என்ற இரகசியப் பெயரில் வேலை நடந்தது. மாதிரிக் காரின் அகலம் போதவில்லை என்று தோன்றவே, அதை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டினார். பொனெற்றின் நடுவே தெரியும் பட்டையான மேடு அதன் அடையாளமே. நிறுவன உரிமையாளர் நஃபீல்ட் பிரபுவுக்கு இதன் தோற்றம் பிடிக்கவில்லை. உடைத்து அவித்த முட்டை போலிருப்பதாக ஏளனம் செய்தார்.

மக்கள் வேறு விதமாகத் தீர்ப்பளித்தனர். 1960 இறுதியில் பத்து இலட்சமாவது கார் தயாரானது. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. 918 சிசி இயந்திரத்துடன் தொடங்கி, 1952இல் 803, 1956இல் 948, 1962இல் 1098 சிசி என இயந்திரம் மாறியது. 1971இல் உற்பத்தி நின்றபோது எண்ணிக்கை 16 இலட்சத்தை எட்டியிருந்தது.

இலங்கையில் 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. எனவே ஏற்கெனவே வந்திருந்த மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ் போன்றவற்றையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் இவை வாடகைக் கார்களாகவும் நிலைத்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும், வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டது. இரகசியமாகக் கிடைத்த சிறிதளவும் பெரும் விலைக்கே விற்றது. அப்போதுதான் இப்பழைய கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூட்டில்தான் ஆவியாகும். ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றருக்குக் கொடுத்து இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் என்பதால் அது தாங்கியது. அழுத்தம் கூடிய புதிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் காலம் தப்பி வெடித்துப் பிஸ்ரனைச் சேதப்படுத்திவிடும்.

இதற்கும் விலை இருந்தது. கரும்புகை கண்ணை எரித்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. ஆயினும் சைக்கிளில் ஏற்ற முடியாத நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணையும் வைத்தியசாலையில் சேர்க்க இத்தகைய வாகனங்களே கைகொடுத்தன. 1995 இடப்பெயர்வின் பின் வன்னியிலும் அதே முறை தொடர்ந்தது.

2002 போர்நிறுத்தத்துடன் ஏ9 பாதை திறக்கப்பட்டது. பெற்றோல் வந்தது, கூடவே ஜப்பானிய வாகனங்களும் வந்தன. பழைய கார்கள் மெல்ல மறைந்தன. சில திருமண ஊர்வலங்களுக்கும், சில சேகரிப்பாளர்களிடமும் போய்ச் சேர்ந்தன.

காரின் வரலாறு பிரித்தானிய நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. மண்ணெண்ணெயில் அதை ஓட்டிய கைவினையோ நமது கராச்காரர்களின் நினைவில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிவிட்டது. கேட்டு எழுதிவைக்க வேண்டிய வரலாறு அதுவே.