எந்த வீட்டில் சிகிச்சை?

நன்னிலத்தில் நான் வளர்ந்த தெருவில் காசநோயின் பேரை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு.

அந்தப் பயத்தைச் சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு முறையாகச் சோதித்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள்; மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். எல்லோருக்கும் ஓராண்டுக்கு ஐசோனியாசிட், பாஸ் என்ற மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது: நெரிசலான வீட்டில் அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடவில்லை. மருந்து தொடங்குமுன்பே ஒட்டியதுதான் பெரும்பங்கு. சானடோரியங்களின் காலம் முடிய இந்த ஆய்வும் ஒரு காரணம்.

மாத்திரையை விழுங்கினாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். சொல்லாமல் வந்து எண்ணிப் பார்த்தார்கள். கோழைக் கிண்ணத்தைக் கழுவி, வேளைக்குக் கஞ்சி வைத்த கைகளுக்கு ‘வீடு’ என்றே பேர். அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் நான் மனைவி, அம்மா, மருமகள் என்று வாசிக்கிறேன்.

மருமகளே நோயாளி என்றால்? எங்கள் பக்கத்தில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே இருமல் நின்ற இரண்டாம் மாதமே நடவுக்குக் கூப்பிடுவார்கள். அன்றைய கணக்கில் மருந்து முடிய இன்னும் பத்து மாதம் இருந்தது.