ருஷ்ய அரசாங்கப் பிரசாரமும் பிரஜையின் கையும்

ரோமனாவ் வம்சம் அரியணை ஏறி முந்நூறு ஆண்டுகள் நிறைவெய்தியதைக் கொண்டாடும் முகமாக, 1913-ஆம் ஆண்டில் ருஷ்ய அரசாங்கம் வெளியிட்ட தபால்தலைகளில், அந்நாட்டுச் சரித்திரத்திலேயே முதன்முறையாகச் சக்கரவர்த்திகளின் உருவங்கள் இடம்பெற்றன. ஒரு கோபெக் தலையில் மகா பீட்டரும், ஏழு கோபெக் தலையில் அப்போது ஆண்டுகொண்டிருந்த இரண்டாம் நிக்கோலாஸும் காட்சியளித்தனர். ஜாரின் திருமுகத்தின்மீது கறுப்பு முத்திரை குத்துவது அபசாரம் அன்றோ என்று தபால் ஊழியர் சிலர் கை கூசி நின்றனர். வெளியீட்டையே சிறிது காலம் நிறுத்திவைக்க நேர்ந்தது. ராஜபக்தியை வளர்க்கப் புறப்பட்ட பிரசாரம் அந்த ராஜபக்தியின்மீதே தடுக்கி விழுந்த இந்நிகழ்ச்சி, ஜார் ஆட்சியின் மனோபாவத்தைத் தெளிவாக உணர்த்துகிறது. அரசன் தரிசனத்துக்குரியவன், பிரஜை எட்ட நின்று வணங்க வேண்டியவன், அதற்குமேல் அவனிடம் அரசு எதையும் கேட்கவில்லை.

இந்த மனோபாவத்துக்கு ஒரு சித்தாந்த வடிவம் கொடுத்தவர், முதலாம் நிக்கோலாஸின் கல்வி மந்திரியான செர்கேய் உவாரவ். ஆர்த்தடாக்ஸ் சமயம், எதேச்சாதிகார முடியாட்சி, தேசியம் என்று 1833-இல் அவர் வகுத்த மூன்று தத்துவங்களும் பள்ளிக்கும் பத்திரிகைக்கும் அரசாங்கம் விதித்த வேதமாயின. ஆயினும் அவற்றை எழுத்தின் வாயிலாகக் குடியானவனிடம் கொண்டு சேர்க்க அந்த அரசு முயலவில்லை. 1897-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேரே; அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்புதான், வண்டிக்காரர், சமையற்காரர், சலவைக்காரர் போன்றோரின் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிகளில் சேராமல் தடுக்கும்படி கல்வி இலாகா சுற்றறிக்கை விடுத்திருந்தது. அயல்நாட்டுப் பத்திரிகைகளில் தகாதவை என்று கருதிய பகுதிகளின்மேல் தணிக்கை அதிகாரி மை பூசி அனுப்புவார். வாய்மூடி இருப்பதே குடிமைப் பண்பு.

1905 ஜனவரி 9 ஞாயிறன்று, தெய்வப் படங்களையும் ஜாரின் படங்களையும் உயர ஏந்திக்கொண்டு, தம் குறைகளை முறையிடக் குளிர்கால அரண்மனையை நோக்கிச் சென்ற தொழிலாளர் கூட்டத்தின்மீது சிப்பாய்கள் சுட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை விழா எடுத்தும், எத்தனை தபால்தலை அடித்தும், அந்தப் பக்தியைப் பழைய நிலைக்கு மீட்க முடியவில்லை.

ஜார் ஆட்சி வீழ்ந்த 1917-இல் போல்ஷ்விக்குகளோ அதிகாரத்தைக் கைப்பற்றிய மூன்றாம் நாளே எதிர்ப் பத்திரிகைகளை மூடும் ஆணையைப் பிறப்பித்தார்கள். தற்காலிகமானது என்று சொல்லப்பட்ட அந்த ஏற்பாடு, 1922-இல் க்ளாவ்லித் என்னும் நிரந்தரத் தணிக்கை இலாகாவாக உருக்கொண்டது. எனினும் மௌனம் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. 8 வயது முதல் 50 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாத யாவரும் கற்றே தீரவேண்டும் என்று 1919 டிசம்பரில் லெனின் ஆணையிட்டார். அதே ஆண்டு கோடையில் ‘செந்நட்சத்திரம்’ என்னும் பிரசாரக் கப்பல், லெனினின் மனைவியார் க்ரூப்ஸ்கயாவை ஏற்றிக்கொண்டு, அச்சு இயந்திரத்தோடும் சினிமாக் கொட்டகை அமைந்த தோணியோடும் வோல்கா நதிக்கரை ஊர்களுக்குச் சென்றது. மாஸ்கோவில் சரக்கின்றி வெறுமையாய்க் கிடந்த கடைக் கண்ணாடிகளிலோ, மயாகோவ்ஸ்கி போன்றோர் அட்டை வெட்டி வண்ணமடித்த படங்கள் தொங்கின. கோடிக்கணக்கான ஏழை மக்கள் எழுத்தறிந்ததை மெய்யான நன்மை என்று ஒப்புக்கொள்ளாதவன் நியாயவானல்லன். ஆனால் கற்பித்த கையே, கற்றவன் எதைப் படிக்கலாம் என்பதையும் நிர்ணயித்தது என்பதை மறைப்பவனும் நியாயவானல்லன்.

ஸ்டாலின் காலத்தில் இது முற்றிக் கொடுமையாயிற்று. 1932-33-இல் உக்ரேனிலும் வோல்கா பிரதேசத்திலும் லட்சக்கணக்கானோர் பசியால் மாண்டபோது, சோவியத் பத்திரிகைகளில் பஞ்சம் பற்றிய பேச்சே இல்லை. 1937-ஆம் ஆண்டின் குடிக்கணக்கு 16 கோடியே 20 லட்சம் என்று வந்து, தலைமை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததனால், அக்கணக்கே செல்லாதென்று தள்ளப்பட்டு, கணக்கெடுத்த அதிகாரிகள் சிறைப்பட்டனர். அதே சமயத்தில், பழைய போல்ஷ்விக் தலைவர்கள்மீது துரோகக் குற்றம் சாட்டி மாஸ்கோவில் நடத்திய பகிரங்க வழக்குகளில் நிறுத்தப்பட்டவர்களுக்கு மரணதண்டனை வேண்டும் என்று ஆலைகளிலும் கூட்டுப்பண்ணைகளிலும் எழுத்தாளர் சங்கத்திலும் தீர்மானங்கள் நிறைவேறின. கை உயர்த்தாதவன் சந்தேகத்துக்குரியவனானான். ஜார் பிரஜையின் நாவை அடக்கினார். ஸ்டாலினின் அரசு அந்த நாவைத் தன் சொற்களையே பேசவைத்தது. பின்னதே ஆழமான ஹிம்சை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்கு அலெக்ஸாந்தர் ரோத்சென்கோவின் புத்தகத்தைவிடத் துயரமான சாட்சி ஒன்றை நான் அறியேன். சோவியத் உஸ்பெகிஸ்தானின் பத்தாண்டு வெற்றியைப் போற்றி 1934-இல் வெளியான படத்தொகுதியை வடிவமைத்தவர் அந்தப் பெருங்கலைஞர். அதில் இடம்பெற்ற தலைவர்களுள் பலர் 1937 முதற்கொண்டு ‘மக்கள் விரோதிகள்’ ஆகிவிடவே, அவர்களுடைய படங்களை வைத்திருப்பதே ஆபத்து என்ற நிலை வந்தது. தாமே அழகுபடுத்திய நூலின் தம் சொந்தப் பிரதியில், அம்முகங்களின்மேல் அவரே கறுப்பு மை பூசினார். முன்பு தணிக்கை அதிகாரி செய்த வேலையைக் கலைஞன் தன் வீட்டில், தன் கையால் செய்தான்.

ஸ்டாலின் மறைந்த பிறகும் இம்முறை உடனே மறையவில்லை. ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராயிருந்த பேரியா 1953 டிசம்பரில் கொல்லப்பட்ட பின்னர், பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரர்களுக்குச் சில புதிய தாள்கள் வந்தன. ஐந்தாம் தொகுதியில் அவரைப் பற்றிய கட்டுரையும் படமும் அடங்கிய பக்கங்களைக் கத்தரியாலோ சவரக்கத்தியாலோ வெட்டியெடுத்துவிட்டு, பேரிங் கடல் முதலிய பொருள்களைப் பற்றிய இத்தாள்களை அங்கே ஒட்டிக்கொள்ளுமாறும், ஒட்டுவதற்கு வேண்டிய ஓரத்தை விட்டே வெட்டுமாறும் அவர்களுக்கு அறிவுரை தரப்பட்டது. அயல்நாட்டுச் சந்தாதாரர்களுக்கும் இவை சென்றன. அங்குள்ள நூலகங்கள் சிலவற்றில் பழைய பக்கங்களும் புதிய தாள்களும் ஒருசேர இருக்கின்றன.