முடியுருநாடியின் ஒடுக்கமும் குருதியோட்டத்தை அளந்த வரலாறும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை அறிந்தோர் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாயையும் அறிவர். சிலாபத்தினூடாக வடக்கு நோக்கிச் சென்று, உடப்புக்குக் கிழக்கேயுள்ள முந்தல் களப்பைத் தொட்டுப் புத்தளம் களப்பிற் கலக்கும் அந்நீர்வழியிலே ஒரு காலத்திற் பாரமேற்றிய வள்ளங்கள் சென்றன. இத்தகைய கால்வாயொன்று ஓரிடத்தில் தூர்ந்து ஒடுங்கியதாகக் கொள்வோம். கோடையிற் கரையில் நின்று நோக்குபவனுக்கு, ஒடுங்கிய இடத்தின் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாகவே தோன்றும். மாரியில் வெள்ளம் விரையும்போதே ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் நிற்கும். ஒடுக்கம் எவ்வளவு என்பது ஒரு வினா. அது நீரை எவ்வளவு தடுக்கின்றது என்பது வேறொரு வினா. இதயத் தசைக்குக் குருதியூட்டும் முடியுருநாடிகளைப் பொறுத்தவரை, இவ்விரு வினாக்களையும் வேறுபடுத்திச் சிகிச்சை செய்ய மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஓட்டத்தை அளக்கும் எண்ணமோ மிகப் பழையது. உடல் உட்கொள்ளும் ஒட்சிசனின் அளவையும், நாடிக் குருதிக்கும் நாளக் குருதிக்குமிடையேயுள்ள ஒட்சிசன் வேறுபாட்டையும் அறிந்தால் குருதியோட்டத்தைக் கணிக்கலாம் என்று ஜேர்மானியரான அடோல்ஃப் ஃபிக் 1870ஆம் ஆண்டிற் கூறினார். நம் கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அதே ஆண்டிலே. தொடர்பு யாதுமில்லை, நினைவிற் கொள்ள எளிது என்பதே காரணம். 1929இல் வேர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் வைத்தியர் தமது கைநாளத்தினூடாகத் தாமே வடிகுழாயை இதயம் வரை செலுத்திக் கதிர்ப்படமும் எடுத்துக்கொண்டார். வழி திறந்தது. 1949இல் றிச்சர்ட் பிங் குழுவினர், நைத்திரசு ஒட்சைட்டைச் சுவாசிக்கச் செய்து, இதயத் தசையிலிருந்து திரும்பும் நாளக் குருதியைச் சோதித்து, மனிதனின் முடியுருக் குருதியோட்டத்தை அளந்தனர். எனினும் அக்கணக்கு இதயத்தின் இடப்பகுதி முழுவதற்கும் பொதுவானது; எந்தக் கிளையில் எந்த ஒடுக்கம் குற்றவாளி என்பதை அது காட்டவில்லை.

அதனைக் காட்டுவதுபோல் வந்தது படம். 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கிளீவ்லன்டில் மேசன் சோன்ஸ், பெருநாடியிற் செலுத்தக் கருதிய சாயம் தற்செயலாக ஓர் இளைஞரின் வலது முடியுருநாடியிற் பாய்ந்துவிட்டது. இதயம் சில கணம் நின்றது. இருமுமாறு கூறவே மீண்டும் துடித்தது. அன்றைய பிழையிலிருந்து பிறந்ததே அஞ்ஜியோகிராம். அன்று முதல் வைத்தியரின் கண் நீதிபதியாயிற்று: இது நூற்றுக்கு 60, அது நூற்றுக்கு 80 என்று மதிப்பிட்டுத் தீர்ப்பளித்தனர்.

கண்ணை நம்பலாமா என்று கேட்டவர்களும் இருந்தனர். 1974இல் லான்ஸ் கூல்ட், நாய்களின் முடியுருநாடியைப் படிப்படியாக ஒடுக்கிப் பார்த்தார். ஓய்வுநிலை ஓட்டம், விட்டம் நூற்றுக்கு 85 பங்கு குறுகும் வரையில் மாறவில்லை. உச்ச ஓட்டமோ 30 முதல் 45 பங்கிலேயே குறையலாயிற்று. கோடையும் மாரியும் என நாம் மேலே கூறியது இதுவே. 1984இல் ஐயோவாவைச் சேர்ந்த கார்ல் வைற் முதலியோர், சத்திரசிகிச்சையின்போது திறந்த இதயத்தின் மீதே ஓட்டத்தை அளந்து, படத்திற் கண்ட அளவுக்கும் உண்மையான ஓட்டத்துக்கும் பொருத்தம் மிகக் குறைவென நிறுவினர். ஆயினும் வழக்கம் எளிதில் மாறவில்லை.

1977 செப்தெம்பர் 16இல் சூரிச் நகரில் முதன்முதலாக முடியுருநாடியைப் பலூனால் விரித்த அன்ட்றியாஸ் குறுன்ட்சிக், ஒடுக்கத்தின் முன்னும் பின்னும் அமுக்கத்தை அளந்தே தம் செயலின் பயனைக் கணித்தார். (அவரிடம் பயின்ற மத்தியூ சாமுவேல் களரிக்கல் பின்னர் சென்னையில் இச்சிகிச்சையை வேரூன்றச் செய்தார்.) ஆனால் அவரது வடிகுழாயே ஒடுக்கத்தை மேலும் அடைத்தது, அளவு பிழைத்தது. ஏறத்தாழ 0.36 மில்லிமீற்றர் பருமனான கம்பியில் அமுக்கமானி பொருத்தப்பட்ட பின்னரே இக்குறை தீர்ந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ பைல்ஸ், பெல்ஜியத்தின் பேர்னாட் டி புறுய்ன் ஆகியோர் 1990களில் இம்முறையை உருவாக்கினர். அடினோசின் என்னும் மருந்தால் நுண்குழல்களை முற்றாக விரியச் செய்தால் தடை நிலையாகும். அப்போது அமுக்கமே ஓட்டத்தின் அளவாகும். பெருநாடியில் 100, ஒடுக்கத்திற்கு அப்பால் 70 எனில், விகிதம் 0.70. நாடி தன் உச்ச ஓட்டத்திற் பத்தில் மூன்று பங்கை இழந்துள்ளது. 1996இல் 0.75 என்பது எல்லையாக வகுக்கப்பட்டது, பின்னர் 0.80 வழக்காயிற்று.

2009இல் வெளியான ஃபேம் ஆய்வில் 1005 நோயாளர் இடம்பெற்றனர். படத்தை மட்டும் நோக்கிச் சிகிச்சை பெற்றோரில் ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு, மீள்சிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றை எதிர்கொண்டோர் நூற்றுக்கு 18.3, அளந்து சிகிச்சை பெற்றோரில் 13.2. அளந்தவர்களுக்கு வைத்த ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய்களும் குறைவு. கண்ணுக்கு 50 முதல் 70 பங்கு ஒடுங்கியவையாகத் தோன்றியவற்றுள், ஏறத்தாழ மூன்றில் ஒன்றே உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தது.

இதன் பெறுமதி கரையோரத்தில் வாழ்வோர்க்கு நன்கு விளங்கும். கற்பிட்டியிலோ உடப்பிலோ கடற்றொழில் செய்யும் ஒருவருக்கு வலைக்குழாய் வைத்தால், குருதி உறையாதிருக்க இருவகை மருந்துகளை மாதக்கணக்கில் ஒருநாளும் தவறாது உட்கொள்ளல் வேண்டும். கடலிற் காயமுற்றால் குருதிப்பெருக்கு எளிதில் நில்லாது. தேவையற்ற வலைக்குழாய் அவருக்கு வீண்சுமை. ஆனால் மாரடைப்பு நேர்ந்து நாடி அடைபட்ட வேளையில் இக்கணக்குக்கு இடமில்லை. அப்போது விரைவே மருந்து.

அமுக்கக் கம்பி விலை மிக்கது, ஒருவருக்கே உரியது. அடினோசின் இன்றியே அளக்கும் முறை 2017இல் இரு பெரும் ஆய்வுகளில் ஏற்புடையதெனக் காணப்பட்டது. கம்பியையும் தவிர்த்து, படத்திலிருந்தே கணினியால் விகிதத்தைக் கணிக்கவும் முயன்றனர். சீனாவில் நடந்த ஆய்வில் அது வெறுங்கண்ணை வென்றது. 2024இல் வெளியான ஐரோப்பிய ஆய்விலோ கம்பிக்கு ஈடாக நிற்கவில்லை.